உப்புத்தண்ணியா, மருந்தா?

கல்யாணமான புதிதில் எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று இருமுவது. இன்னொன்று, நான் இருமியதால் விட்டுப்போன வேலையை மாமியார் செய்வதைப் படுத்தபடியே பார்ப்பது.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து சுரக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். முதல் கார்த்திகையில் வந்தது நிஜ இருமல்தான். மழையில் நனைந்த விறகு, அடுப்படி முழுக்கப் புகை. ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து நான் இருமியதைப் பார்த்துவிட்டு அத்தை, “எந்திரி, போயிப் படு. நான் ஆட்டிக்கிறேன்” என்றார். அந்தச் சொல் காதுக்கு எப்படி இனித்தது தெரியுமா! அதற்கப்புறம் வெயில் காலத்திலும், விறகு காய்ந்திருந்தாலும், ஆட்டுக்கல்லைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு இருமல் வந்துவிடும். மூன்று வருஷம் ஓட்டினேன்.

அதற்குக் கூலியாக ஒரு பேர் கிடைத்தது. சீக்காளி. நான் ஒரு தடவை இருமினால் அத்தை நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டு வருவார். பேர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம், கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை என் வீட்டுக்காரரிடம் பேசியது காதில் விழுந்தது.

“தீவாளிக்கு அவளக் கொண்டுபோயி அவ அம்மா வூட்டுல வுட்டுட்டு வா. ஒடம்பு தேறட்டும்.”

“எத்தன நாளைக்கிம்மா?”

“தேறுற வரைக்கும்.”

சாம்பலோடு என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பட்டினத்தில் ஒருத்தி இப்படித்தான் தேறுகிற வரைக்கும் வந்து இருந்தாள். அவள் தேறி முடிப்பதற்குள் அவள் புருஷனுக்கு வேறொருத்தி மூலம் இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், மூன்று வருஷமாகப் பொய்யாக இருமினேன் என்று எந்த வாயால் சொல்வது? சீக்காளியாவது பாவம் என்பார்கள். பொய்க்காரியை என்ன என்பார்கள்?

அந்த வாரம்தான் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டார்கள். ஒரு நர்சம்மா, ஒரு இளவயது டாக்டர். டாக்டர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் சூடான இட்லியை எடுப்பதுபோலப் பார்த்துப் பார்த்து எடுப்பார்.

சளிக்காய்ச்சலுக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி செய்திருக்கிறார்கள் என்றார். அது காய்ச்சலைத் தடுக்கிறதா என்று பார்ப்பது பிற்பாடு. இப்போது பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான், போட்டால் மனுஷ உடம்புக்குக் கெடுதல் செய்கிறதா என்பது. கட்டாயம் கிடையாது. பாதியில் வேண்டாம் என்றாலும் எழுந்து போகலாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது ஒரு பட்டியலில் இருக்கும், அதைக் கடைசியில்தான் பிரிப்பார்கள். ஊசி போடுகிற அவருக்கே தெரியாது.

“போடுறவருக்கே தெரியாதுன்னா நாங்க எத நம்பிங்க கைய நீட்டுறது?” என்றார் எங்கள் தெரு மாட்டுவண்டிக்காரர்.

“தெரிந்தால் நான் ஒரு பக்கமாக எழுதிவிடுவேன் ஐயா. அதனால்தான்.”

“ஓ, ஒங்களையே நீங்க நம்புறதில்லையா. அப்பச் சரிதான்” என்று வண்டிக்காரர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

அப்போது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை என்னை எழுப்பி நிறுத்தியது. “நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களை மட்டும்தான் எடுப்போம்.”

அம்மாடி! என் வாயால் சொல்ல முடியாததை ஒரு டாக்டர் வாயால் சொல்லவைக்க இதைவிட வழி உண்டா? ஓடிப்போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அத்தை நின்றார். அவருக்கும் ஆசை.

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். முழுகாமல் இருக்கிறேனா என்று நர்சம்மா காதோடு கேட்டார், இல்லை என்றேன். கடைசியில் டாக்டர், “உங்கள் நெஞ்சு மிகவும் சுத்தமாக இருக்கிறது” என்றார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “நல்லா வச்சுப் பாருங்க டாக்டரு. அவ சீக்காளி.”

“இல்லை அம்மா. ரத்தக்கொதிப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது. உங்களை எடுக்க முடியாது. மாத்திரை தருகிறேன், தினமும் சாப்பிடுங்கள்.”

எங்கள் தெருவில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். அதில் நான் உண்டு, அத்தை இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவேன்.

மறுநாள் காலையில் ஊசி போட்டார்கள். உடம்புக்கு என்ன செய்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்திலேயேதான் இருப்போம் என்றார் டாக்டர். ஊசி போட்ட கையில் தண்ணீர் படக்கூடாது என்பதற்காக, “இன்றைக்கு யாரும் முழுகாதீர்கள்” என்றும் சொன்னார்.

நாலு மணி இருக்கும். கொடியிலிருந்து துணி எடுக்கக் கையைத் தூக்கினேன், கை வரவில்லை. பல் தந்தியடித்தது. உள்ளே போய்ப் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு சுருண்டேன். காய்ச்சலுக்கு நான் பயப்படவில்லை. தீபாவளிக்குப் பயந்தேன். ஆரோக்கியக்காரி என்ற பேர் ஒரு நாள்கூடத் தங்கவில்லையே!

அத்தை வந்து புறங்கையை என் கழுத்தில் வைத்தார். போய் மிளகு ரசம் வைத்து, சாதத்தைக் குழையக் கரைத்து எடுத்துவந்தார். நான் குடிக்கும்வரை காலை அமுக்கிவிட்டார். பிறகு, “யாருகிட்டயும் மூச்சு வுடாத” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு இருமலுக்கு நாலு தெரு போகிற அத்தையா இது?

வாசலில் நர்சம்மா குரல் கேட்டது. “எப்படி இருக்காங்க மருமக? சூடு பாக்கணும்.”

அத்தை வாசலுக்குப் போவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போனார். “டேய், அந்த ஆட்டுக்கல்ல சுத்துடா.”

“அரிசி ஒண்ணும் போடலியேம்மா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வெறுங்கல்லச் சுத்துடாங்கறேன்!”

கல் கடகடவென்று சுற்றியது. வாசலில் அத்தை, “அவளுக்கு என்னாங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கா. மாவாட்டிக்கிட்டு இருக்கா, சத்தம் கேக்குதுல்ல? எந்திரிச்சு வந்தா மாவு புளிச்சிப் போவும். காலையில பாத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவரிடம், “ஏன் அத்தை?” என்றேன்.

“ஏன்னா? மூணாம் மனுசங்ககிட்ட நம்ம வூட்டுப் பொண்ண வுட்டுக் குடுக்க முடியுமா? ஊரு கூட்டத்துல பொறுக்கி எடுத்திருக்காங்க, மறுநாளே கவுந்து படுத்தா யாருக்கு அசிங்கம்? குடி.”

விடிந்ததும் பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அத்தையும் கூடவே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். டாக்டர் நோட்டோடு வந்து, எல்லாரையும் பார்த்து அன்பாகக் கேட்டார்: “அனைவரும் முழுகாமல்தானே இருக்கிறீர்கள்?”

வண்டிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “நானுமாங்க?” என்றார். பெண்டுகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தோம். நர்சம்மா டாக்டரின் காதில் ஏதோ சொன்னார். கர்ப்பமா என்றுதான் பன்னிரண்டு பேரையும் கேட்டிருக்கிறோம் என்று தெரிந்ததும், அந்தக் காது செம்பருத்திப் பூ ஆகிவிட்டது.

சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கேட்டார். “எப்படி இருக்கிறீர்கள்?”

“நல்லா இருக்கேங்க.”

“கை வலி?”

“ஒண்ணுமில்லீங்க.”

“காய்ச்சல்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

பன்னிரண்டு பேரும் அதே பாட்டு. நானும்தான். டாக்டர் நோட்டை மூடிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

“எது போட்டாலும் நாலு பேருக்காவது கை வலிக்கும்” என்றார். “நீங்கள் என் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறீர்கள். நான் நல்லது என்று எழுதுவேன். அதை நம்பி நாளைக்கு இதை வயசானவர்களுக்குப் போடுவார்கள், பிள்ளைகளுக்குப் போடுவார்கள். நீங்கள் திடமானவர்கள், ஒரு நாளில் எழுந்துவிட்டீர்கள். அவர்கள் எழுவார்களா?”

நான் மரத்தடியைப் பார்த்தேன். அத்தை மடியிலிருந்து கொதிப்பு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். தொண்டையில் சிக்கி, கண்ணில் தண்ணீர் வந்தது. நான் குளிரில் நடுங்கிய அந்த ஒரு சாயங்காலத்தை இவர் உடம்பில் வைத்துப் பார்த்தேன். சொன்னால் தீபாவளி. சொல்லாவிட்டால் இது.

“எனக்கு காச்ச அடிச்சுதுங்க” என்றேன்.

நர்சம்மா திரும்பினார். “நேத்து நான் வந்தப்ப மாவாட்டிக்கிட்டு இருந்தீங்களே?”

“ஆட்டுனது அவருங்க. அதுவும் வெறுங்கல்லு.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்த்த பார்வையில் எனக்கு மறுபடி குளிர் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. எப்போது தொடங்கியது, எத்தனை நேரம், எந்தக் கை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஊசி போட்டு ஒரு நாள் இப்படி வந்து போனால் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். மற்றவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் போனது போயிற்றே, வாய் சும்மா இருக்குமா?

“டாக்டரு, நீங்க கேக்குற கேள்வியே தப்புங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ஒரு கால் இல்லாதவன்கூட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். அது மரியாதைங்க, பதில் இல்ல. நான் கேக்கட்டுமா?”

கேளுங்கள் என்றார்.

எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். “யக்கா, இன்னைக்கு தலையில பூவு யாரு வச்சுவுட்டது?”

“எங்க பெரியவதான்.”

“நீ ஏன் வச்சிக்கல?”

“கை தூக்கலடி... அய்யோ!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டிக்காரரிடம், “அண்ணே, துண்டு எப்பவும் இடது தோள்ல கெடக்குமே, இன்னைக்கு ஏன் எடம் மாறியிருக்கு?” என்றேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கு ஊசி போட்டது இடது கை. இப்படியே பூவும் துண்டும், யார் வீட்டில் யார் தண்ணீர் தூக்கினார்கள் என்றும் கேட்டுக்கொண்டே போனதில், பன்னிரண்டில் ஐந்து பேர் அகப்பட்டார்கள். நர்சம்மா அதற்கப்புறம் போகிற வீட்டிலெல்லாம் பூவைத்தான் கேட்டார்.

வீட்டு வாசல் ஏறியதும் அத்தை எதிர்வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “காச்ச வந்தா என்னா? திடமா இருக்குறவங்களுக்குத்தான் வரும்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் ஏன் திருத்துகிறேன்?

தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன், மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரே வந்து கூட்டிவந்தார். அத்தை அனுப்பினாராம், மாவாட்ட ஆள் இல்லையாம். ஆரோக்கியக்காரி என்ற பேர் அப்படித்தான் கழுத்தில் ஏறியது. அதோடு என் இருமலும் செத்தது.

அறுவடை முடிந்ததும் டாக்டர் மறுபடி வந்தார். பட்டியலைப் பிரித்தாகிவிட்டது, யாருக்கு எது போட்டோம் என்று வேண்டுமானால் சொல்வேன் என்றார். எதிர்வீட்டு அக்காவுக்கு மருந்து. வண்டிக்காரருக்கு உப்புத்தண்ணீர். “அப்ப எனக்கு வலிச்சுதே?” என்று அவர் சண்டைக்கு நின்றார்.

என் முறை வந்தது. மருந்து என்றால் அந்தக் காய்ச்சல் ஊசியுடையது. உப்புத்தண்ணீர் என்றால் என்னுடையது. பழைய சீக்காளி மறுபடி வாசலில் வந்து நிற்பாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “வேணாங்க” என்றார்.

“உங்களுக்கு இல்லை அம்மா, இவர்களுக்கு.”

“அவளுக்கும் வேணாங்க. அவளுக்குப் போட்டது மருந்துதான். எனக்குத் தெரியும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தாளை மடித்துவிட்டார்.

வரப்பில் நடந்துவரும்போது கேட்டேன். “உப்புத்தண்ணியா இருந்தா என்னா பண்றதுன்னு பயந்துட்டீங்களா அத்தை?”

“நான் என்னாத்துக்கு பயப்படணும்? மூணு வருசமா ஆட்டுக்கல்லப் பாத்து இருமுனவ நீ. காத்துக்கு இருமுறது எது, கல்லுக்கு இருமுறது எதுன்னு எனக்குத் தெரியாதா?”

எனக்கு நடை நின்றுவிட்டது. “தெரிஞ்சா ஏன் அத்தை தேறுற வரைக்கும்னு சொன்னீங்க?”

“நான் சொன்னப்ப நீ எங்க இருந்த?”

“கொல்லையில.”

“அத பாத்துட்டுத்தான் சொன்னேன். நட, வெயில் ஏறுது.”

அன்று சாயங்காலம் நான்தான் அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம். புகை முகத்தில் அடித்து நிஜமாகவே ஒரு இருமல் வந்தது. அதை விழுங்கினேன், மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

“இருமிக்கடி. அது வெறகு.”