இடது கைக்கு ஒரு சாடில்

நான் எழுதுவது வலது கையில். அது நானாகத் தேர்ந்துகொண்டதல்ல. ஒன்றாம் வகுப்பு டீச்சர் என் இடது கை விரல்களில் ஸ்கேலால் தட்டித் தட்டி எழுத்தை மாற்றினார். சாப்பாட்டை அம்மா மாற்றினாள். கோலம் போடுவதும் காய் நறுக்குவதும் மட்டும் யார் சொல்லியும் மாறவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் கிடார் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. முதல் நாள் கையில் கொடுத்த கிடாரைத் திருப்பிப் பிடித்தேன். என்னைவிட வயதில் இளையவரான மாஸ்டர் அதை வாங்கி, மற்றவர்களைப் போல் மடியில் வைத்துவிட்டார். வலது கையால் மீட்டிப் பார்த்தேன். தாளம் நொண்டியது. மறுபடி திருப்பினேன்.

"ரெண்டு மாசம் கஷ்டமா இருக்கும் மேடம். அப்புறம் பழகிடும்" என்றார்.

"ஒரு தடவை பழகியாச்சு சார். இன்னொரு தடவை பழக மாட்டேன்."

குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இடது கைக் கிடாரை வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள் கடையில். சாதாரணக் கிடாரையே வாங்கி, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டினேன். கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டையும் மாற்றினேன். ஆரம்பப் பாடங்கள் நன்றாகவே போயின. கழுத்தின் மேல் பகுதிக்கு, உயர்ந்த சுரங்கள் இருக்கும் இடத்துக்கு, விரல்கள் போனதும் சிக்கல் தொடங்கியது. தடித்த தந்திகளில் சுருதி ஏறியது. மெல்லிய தந்திகளில் இறங்கியது.

காரணம் சாடில். தந்திகள் மறுமுனையில் ஏறி உட்காரும் எலும்புத் துண்டு அது. தடித்த தந்திக்கு நீளம் சற்று அதிகம் வேண்டும் என்பதால் அதைச் சாய்வாகப் பொருத்தியிருப்பார்கள். வலது கைக்காரர்களுக்கான சாய்வு அது. எனக்கு நேரெதிராக இருந்தது.

"இதுக்குத்தான் மேடம் அப்பவே சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். மாற வேண்டியது என் கை இல்லை, சாடில் உட்காரும் அந்தப் பள்ளம்.

எங்கள் சமையலறை அலமாரியைச் செய்த தச்சரின் பட்டறை பம்மலில் இருந்தது. கிடாரை மடியில் அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புச்சாக் கீதுக்கா. இத்தப் போய் வெட்டச் சொல்ற. பாழாப் போனா என்னியக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். கோடு நான் போடறேன். நீங்க கோட்டுல வெட்டுங்க."

பழைய பள்ளத்தை அதே நிற மரத்துண்டால் அடைத்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டில் தந்திகளை ஏற்றி, அவற்றின் அடியில் சைக்கிள் ஸ்போக் துண்டு ஒன்றைச் சாடிலுக்குப் பதிலாக வைத்தேன். போனில் சுருதி பார்த்துக்கொண்டே அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். எல்லாத் தந்தியும் மேலேயும் கீழேயும் ஒத்துவந்த இடத்தில் பென்சிலால் கோடு கிழித்தேன். நான் நினைத்ததைவிடச் சாய்வு குறைவுதான். மறுநாள் தச்சர் மெஷினைக் கையில் எடுத்தபோது கிடாரை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கோட்டின் மேலேயே புதுப் பள்ளம் விழுந்தது.

கடையில் எலும்புத் துண்டுகள் வாங்கிவந்து சாடிலை நானே தேய்த்தேன். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, எலும்புத் துண்டை அதில் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். முதல் துண்டை அதிகம் தேய்த்துவிட்டேன். தந்தியை முறுக்கியதும் அது முன்னால் சாய்ந்தது, சுருதியும் கூடவே போனது. அட்டைத் துண்டைச் செருகி இறுக்கலாம் என்றார் கணவர். ஒப்பேற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தேன். இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். கிடாரைக் கவிழ்த்தால் விழக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாம்பார் அடுப்பில் கொதிக்கும்போது, அப்படியே உட்கார்ந்தது. கவிழ்த்து உதறினேன். அசையவில்லை.

வகுப்பில் மாஸ்டர் கழுத்தின் உச்சிவரை ஒவ்வொரு கட்டமாக அழுத்தச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கரெக்டா இருக்கு" என்றார்.

ஆனால் ஆண்டு விழாவுக்கு என்னைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார். எல்லாக் கிடாரும் ஒரு பக்கம் நீண்டிருக்க என்னுடையது மட்டும் எதிர்ப்பக்கம் நீண்டால் போட்டோவில் நன்றாக இருக்காதாம்.

"ஓரத்துல நிக்கிறேன், யாருக்கும் இடிக்காது. ஆனா முன்வரிசைலதான் நிப்பேன் சார்."

அவர் பேனாவை எடுத்து வரிசையை மாற்றி எழுதினார்.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. முன்வரிசையில் நின்று, கழுத்தின் உச்சிவரை போய் வாசித்தேன். இறங்கி வந்தபோது யாரோ ஒரு மாணவனின் அம்மா பக்கத்தில் வந்து, இடது கையில் வாசிப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டார்.

"இந்தக் கைல இல்லீங்க. அந்தக் கைலதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனேன்.