எழுதாத கடிதத்துக்கு ஒரு நன்றி

1926-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் என்னால் ஒருவன் செத்திருப்பான். நான் அவனை அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. ஒரு கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். கர்த்தர் அவனையும் காப்பாற்றினார், என்னையும் காப்பாற்றினார். சபையார் எல்லோரும் அறியும்படி அதைச் சொல்லவேண்டும் என்று பொருத்தனை செய்திருந்தேன். அதையும் இத்தனை நாள் தள்ளிவிட்டு இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

அப்போது கடல் கடந்து வந்து, யோங் பெங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லயங்களில் குடியிருந்த கூலி ஜனங்கள் வந்து ஊருக்குக் கடிதம் சொல்லுவார்கள். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு எழுதித் தபாலுக்குக் கொடுப்பேன். நல்ல செய்தி என்றால் அன்றைக்கே எழுதிவிடுவேன்.

அன்னம்மாள் எங்கள் சபையைச் சேர்ந்தவள், பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். சித்திரை மாதம் வந்து, ஊரில் இருக்கிற தம்பி சின்னப்பனை வேலைக்கு வரச்சொல்லி எழுதச் சொன்னாள். அன்று மாலையே எழுதி அனுப்பினேன். அதன்பின் தோட்டத்தில் புதுக்காடு வெட்டத் தொடங்கினார்கள். காய்ச்சல் வந்து ஆட்கள் செத்தார்கள். ஐப்பசி பிறந்த வாரத்தில் அவள் புருஷன் தேவசகாயத்தை அடக்கம்பண்ணினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அவரு போயிட்டாருன்னு எழுதுங்க வாத்தியாரே. கார்த்திகை கப்பலுக்கு எந்தம்பி, ஆள் கூட்டியாரப் போன கங்காணிகூடப் பொறப்படறதா இருக்கான். வரவேணாம்னு எழுதுங்க. வந்தான்னா அவனையும் இங்கதான் பொதைக்கணும்.”

குறித்துக்கொண்டேன். எழுதவில்லை.

திங்கட்கிழமை பேனா முனை சரியில்லை என்று பட்டது, மாற்றினேன். மசி தண்ணீராக இருந்தது, புதிதாகக் கரைத்தேன். செவ்வாய்க்கிழமை மேசை ஆடுகிறது என்று காலுக்கடியில் ஓட்டுத்துண்டு வைத்தேன். பிள்ளைகளின் சிலேட்டுகளை எண்ணினேன். எண்ணினதையே திரும்ப எண்ணினேன். ‘அன்புள்ள தம்பி சின்னப்பனுக்கு’ என்று ஒரு வரி எழுதுவேன், எழுந்துவிடுவேன். வாசலுக்குப் போய் மழையைப் பார்ப்பேன். வந்து உட்காருவேன். மறுபடி எழுந்துவிடுவேன். துக்கத்தினால் கை ஓடவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி சோம்பல். அந்த நோட்டில் இன்னும் நாலு சாவுச் செய்திகள் காத்திருந்தன. ஒன்றைத் தொட்டால் மற்ற நாலையும் தொடவேண்டிவரும் என்று நோட்டையே மூடி வைத்தேன்.

ஜெபம்பண்ணாமல் இல்லை. “ஆண்டவரே, நாளைக்கு எனக்குப் பலம் தாரும்” என்று தினமும் கேட்டேன். நாளைக்குத்தான் கேட்டேன். இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கே தந்துவிடுவாரோ என்று பயம்.

அடுத்த ஞாயிறு அன்னம்மாள், “கடுதாசி போயிருச்சா வாத்தியாரே?” என்று கேட்டாள்.

“போயிருச்சும்மா” என்றேன். வாய்க்கு இருந்த வேகம் கைக்கு இருந்திருந்தால் இந்தச் சாட்சிக்கே வேலை இல்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு. எங்கள் ஜெபக்கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டகையில்தான் நடக்கும். சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று நானே கேட்டேன். அன்னம்மாள் எழுந்து நின்றாள்.

“எம் புருசனைக் கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா எந்தம்பிய எனக்கு விட்டுவச்சிட்டாரு. வாத்தியாரு கையால கடுதாசி போயிருச்சு. அவன் இனிமே இங்க வரமாட்டான். அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.”

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன்.  அந்தக் கடிதம், அவள் நின்ற இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, மேசை இழுப்பறையில் ஒரே வரியோடு கிடந்தது. அவளுடைய நன்றியை என் பொய்யின்மேல் நிற்கவைத்துவிட்டேனே!

கூட்டம் கலைந்ததும் மண்தரையில் முழங்கால்போட்டேன். “ஆண்டவரே, நாளைக்கு வேண்டாம். இப்போது. என்னை இந்த நாற்காலியில் உட்காரவையும்” என்று கதறினேன். எழுந்து உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் பழையபடி வாசலுக்கு இழுத்தது. கர்த்தர்மேலேயே கோபம் வந்தது. சரி, போய்த் தொலையட்டும் என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். அங்கே அன்னம்மாள் நனைந்தபடி நின்றாள். கூட்டத்துக்கு உட்காரக் கொண்டுவந்த பாயை மறந்துவிட்டுப் போய், எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள்.

“கடுதாசி போகலம்மா” என்றேன். “நான் எழுதவே இல்ல. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

 அவள் திட்டினாள்.

“படிச்ச மனுசன்தானே நீங்க? எந்தம்பி உசிரு உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?”

திட்டிக்கொண்டே உள்ளே வந்து, பாயை என் மேசைக்கு எதிரே விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“எழுதுங்க. முடியற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். நீங்களும் எந்திரிக்கக் கூடாது.”

நான் பலத்தைக் கேட்டேன். கர்த்தர் அன்னம்மாளை அனுப்பினார்.

தேவசகாயம் இறந்த செய்தியை எழுதவேண்டிய இடத்தில் கை நின்றது. “எழுதியாச்சா?” என்றாள். எழுதினேன். இன்னும் இரண்டு தரம் அப்படிக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. மழை பெய்கிறதா நின்றதா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய கடிதத்தை நான் மடித்து வைத்ததும் கை தானாக அடுத்ததை எடுத்தது. ஐந்து கடிதமும் முடிந்து நிமிர்ந்தபோது அவள் பாயில் உட்கார்ந்தபடியே அழுதுகொண்டிருந்தாள். புருஷன் போனபின் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியின் வீட்டுக்கு ஓடி, கடிதங்களைத் தபால் பையில் போட்டுவிட்டு வந்தேன்.

அதோடு நிம்மதி வந்துவிடவில்லை. இரண்டு வாரத்தைப் பாழாக்கியிருக்கிறேனே! கடிதத்துக்கு முன்னால் கப்பல் கிளம்பிவிட்டால்? மார்கழியில் கங்காணி புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, லாரியிலிருந்து இறங்கியவர்களின் முகத்தை அன்னம்மாளும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சின்னப்பன் இல்லை. கங்காணி என்னிடம்தான் எரிந்து விழுந்தார்.

“என்னத்த எழுதித் தொலைச்சீங்க வாத்தியாரே? பயல நாகப்பட்டினம் வரைக்கும் கொண்டாந்துட்டேன். கப்பலேறுற அன்னைக்குக் காலையில அவங்காத்தா கடுதாசியக் கையில வச்சிக்கிட்டு ஓடியாந்துருச்சு. அவன் கையப் புடிச்சிக்கிட்டு கப்பல் ஆபீசு வாசல்லயே உக்காந்துருச்சு. பய கப்பலேற மாட்டேன்னு திரும்பிட்டான்.”

அன்னம்மாள் அந்தச் சேற்றிலேயே முழங்கால்போட்டாள். நானும் போட்டேன்.

ஒரு தபால் பை பிந்தியிருந்தால் அவன் கடலில் இருந்திருப்பான்.  இப்போது யார் கடிதம் சொன்னாலும், அவர் எழுந்து போகுமுன் எழுதி முடித்துவிடுகிறேன். என் குணம் அடியோடு மாறிவிட்டது என்று பெருமை பேசமாட்டேன். உட்காரமுடியாத நாள் இன்னும் வருகிறது. அன்றைக்கு வெட்கப்படாமல் யாரையாவது கூப்பிட்டு, “கொஞ்சம் எதிரே உட்காருங்கள்” என்பேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் தள்ளிவைத்த காரியம் ஒன்று இருக்கும். எங்கேயோ ஒருவர் அதற்காகக் காத்திருப்பார். முடிந்துவிட்டதென்று நம்பி நன்றிகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். நாளைக்கான பலத்தைக் கேட்காதீர்கள். இன்றைக்குக் கேளுங்கள், அவர் தருவார். அதன்பிறகும் தனியாக உட்கார முடியவில்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.