காதால் வைத்த டைமிங்

அந்தக் காரை என் சம்பளத்தில் வாங்கினேன். ஆமை ஓடு போல் வளைந்த பழைய ஆமைக் கார். எஞ்சின் பின்னால் இருக்கும். அதற்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான் சூட்டைத் தணிக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானிலிருந்து சுங்கைவேயில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குத் தினமும் அதில்தான் போய்வந்தேன். ஆனால் எஞ்சின் மூடியைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. அது என் கணவரின் அண்ணனுக்கு மட்டுமே.

அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். ரயில் பட்டறையில் வேலை. எஞ்சினில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று குடும்பமே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் எஞ்சினை ஓடவிட்டு, தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று தீர்மானிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே திருப்புவார். உறுமல் ஏறியதும் இறுக்குவார்.

"இப்ப ஓட்டிப் பாரும்மா, சும்மா பறக்கும்."

பறக்கத்தான் செய்தது. மேடு ஏறும்போது மட்டும், போத்தலில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல் பின்னால் ஒரு சத்தம். இரண்டு முறை சொன்னேன்.

"அது பெட்ரோல் சரியில்லலா. நீ ஓட்டுற வேலைய மட்டும் பாரு."

என் அப்பாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மற்றதற்கு அறுவை சிகிச்சை செய்ய கோலாலம்பூர் மருத்துவமனையில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம். கிடைத்த நாளன்று காலை அவரைக் கூட்டிப்போகும்போது, பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியதும் மேட்டில் எஞ்சின் படபடவென்று அடித்தது, புகை கக்கியது, நின்றுபோனது. வெயிலில் சாலையோரம் அப்பா மருத்துவச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மணி என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை முடிந்திருந்தது. அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளி. அந்த மூன்று மாதமும் தட்டைத் தடவித் தடவித்தான் சாப்பிட்டார்.

கிள்ளானில் ஒரு சீன மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனை என் கையில் வைத்தார். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"சியாப்பா புவாட் தைமிங்?" என்று மலாயில் கேட்டார். டைமிங் வைத்தது யார்?

தீப்பொறி முந்தி விழுந்தால் ஓட்டம் சுறுசுறுப்பாகத் தெரியும், உள்ளே சூடு ஏறி உலோகமே உருகும் என்று விளக்கினார். புது பிஸ்டன் போட்டுக் காரை ஓடவைத்துக் கொடுத்தார்.

பிஸ்டனை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். கணவரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொம்பளைக்கு கியர் மாத்தத் தெரியலன்னா எஞ்சின் என்ன செய்யும்?"

என் கணவர் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அண்ணனின் பேச்சைவிட அந்தத் தாளின் சத்தம்தான் எனக்கு ஆத்திரமூட்டியது.

பழைய புத்தகக் கடையில் அந்தக் காருக்கான கையேட்டைத் தேடி வாங்கினேன். விளக்கை வைத்து மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிப்பதுதான் தொழிற்சாலையில் என் வேலை. கையேட்டில் இருந்ததும் அதேதான். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர்களைப் பற்றவைத்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது கையால் சுற்றி, பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தின் குறியை எஞ்சின் கூட்டின் இணைப்புக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, விளக்கு எரியத் தொடங்கும் இடத்தில், அதாவது தீப்பொறி விழும் இடத்தில், டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. இதற்காகவா என் அப்பா சாலையில் உட்கார்ந்திருந்தார்?

அடுத்த முறை வந்தபோது கணவரின் அண்ணன் நேராகக் காரிடம் போனார். நான் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பியிருந்தது.

"மாமா, இனிமே இதைத் தொடாதீங்க."

"ஏன், நீ வச்சிடுவியா?"

சாவியை உருவிக்கொண்டேன். எஞ்சின் ஆறும்வரை எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் சாப்பிடவில்லை. பிறகு அவர்களை வெளியே அழைத்து விளக்கை மாட்டி, சாவியைத் திருப்பிவிட்டு, எஞ்சினை மெல்லச் சுற்றினேன். குறி கோட்டை எட்ட இன்னும் கட்டைவிரல் அகலம் இருந்தது. அதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.

"தீப்பொறி விழ வேண்டிய கோடு இங்க இருக்கு. நீங்க வச்சது அங்க. எங்கப்பா கண்ணு இன்னும் காத்துக்கிட்டிருக்கிறது இதாலதான்."

"புத்தகம் வெள்ளைக்காரன் குளிருக்கு எழுதினதுலா. நம்ம ஊரு வெயில் வேற."

"சூடு அதிகமான ஊருல தீப்பொறிய இன்னும் முந்தி வைப்பாங்களா, மாமா?"

"போதும், விடு" என்றார் என் கணவர்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் டைமிங்கைச் சரியாக வைத்து மூடியைச் சாத்தினேன்.

அந்த மூன்று மாதம் முடிந்ததும் அப்பாவை அதே காரில் கூட்டிப்போனேன். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, பார்வை வந்தது. கணவரின் அண்ணன் அதன்பிறகு இரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் அவரை அவமானப்படுத்திவிட்டதாகக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியவராயிற்றே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளேன் என்று மாமியார் கெஞ்சினார். அவர் என் அப்பாவிடம் கேட்கட்டும், நான் அவரிடம் கேட்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.