ஏ ஷார்ப் படுத்திய பாடு

கணக்கு வாத்தியார் ஞானதாஸ் என்றால் திண்டுக்கல்லில் பத்துப் பேருக்குத் தெரியும். அதில் ஒன்பது பேர் என்னிடம் படித்துக் கணக்கில் தோற்றவர்கள். எங்கள் பங்குக் கோயிலில் இருபத்தாறு வருடமாகக் கீபோர்டு வாசிப்பவனும் நான்தான். அத்தனை வருடத்தையும் மூன்றே கார்டுகளில், அதாவது ஒரே அமுக்கில் சேர்ந்து ஒலிக்கும் மூன்றே சுரக்கூட்டுகளில், ஓட்டிவிட்டேன்.

ஐம்பத்து மூன்று வயதில் செல்போனில் ஒரு ஜாஸ் பாடத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பாட்டு சி-யில் முடியுமென்றால், அதற்கு முந்தி வருவது ஜி செவன் என்ற கார்டு. அதிலுள்ள டி சுரத்தை டி ஷார்ப் ஆக்கி, உச்சியில் ஏ ஷார்ப்பையும் வைத்தால் அது ஆல்டர்ட் டாமினன்ட். தும்மல் வராமல் மூக்கிலேயே நிற்குமே, அந்த அவஸ்தை. சி-யை அமுக்கினால்தான் நிம்மதி. மூன்று மாதம் பழகினேன். குக்கர் விசிலே தேவலை என்றாள் மகள் ஏஞ்சலின்.

ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் முடிவில் அதை எடுத்துவிட்டேன். என் அழகில் நானே மயங்கி, சி-க்குப் போகாமல் செத்த நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஃபாதர் என் கார்டின் உச்சிச் சுரத்தைப் பிடித்துத்தான் ஜெபத்தைப் பாடத் தொடங்குவார். அன்றும் பிடித்தார், ஏ ஷார்ப்பை. பதில் பாடிய சனத்தில் பாதிப் பேர் அந்த உயரத்துக்குக் குரல் எட்டாமல் இருமினார்கள்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி ரோசலின் அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஏலே ஞானம், உனக்கெதுக்கு இம்புட்டு வித்தை? இன்னொரு தடவை இந்தக் கூத்தடிச்சே, உம்மக கல்யாணத்துக்குப் பென்டிரைவ்லதான் பாட்டு ஓடும்.”

ஏஞ்சலின் கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. “இனிமே தொட மாட்டேங்க்கா” என்று சத்தியம் செய்தேன்.

கல்யாணப் பூசை முழுக்க மூன்று கார்டுக்குள் அடங்கிக் கிடந்தேன். கடைசிப் பாட்டில் மணமக்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். சி-யை அமுக்கினால் பாட்டு முடிந்துவிடும், பிள்ளையும் போய்விடுவாள். பாழாய்ப்போன கை ஏ ஷார்ப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கலையாவது மண்ணாவது! எனக்கு அழுகையை அடக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாடகர் குழு வாயைத் திறந்தபடி நின்றது. ரோசலின் அக்கா முறைத்தார்.

பாதி வழியில் நின்ற ஏஞ்சலின், மாப்பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். குனிந்து என் காதில் சொன்னாள்:

“முடிங்கப்பா. வடமதுரைக்குத்தானே போறேன், பஸ்ல அரை மணி நேரம்.”

தலையை ஆட்டினேன். விரல் அசையவில்லை. அவளே என் கையைப் பிடித்து, சி-யின் மேல் வைத்து அமுக்கினாள்.