வாஷ்பேசினில் ஊற்றிய பால்

செல்வராணி சிஸ்டர் இறந்துவிட்டார். இன்று காலை வேம்பாரில், டூட்டிக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

தூத்துக்குடியில் அவர் நர்ஸாக இருந்த தனியார் ஆஸ்பத்திரி மதியமே போட்டோ போட்டுவிட்டது. "எங்கள் குடும்பத்தில் ஒருவர்."

அந்தக் குடும்பத்திலிருந்து அவரை ஏன் துரத்தினீர்கள் என்றும் எழுதியிருக்கலாம். நீங்கள் எழுத மாட்டீர்கள்... நான் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் அக்காவுக்கு அங்கேதான் பிரசவம். ஆறாம் மாதம் முடிந்ததுமே சிசேரியன். எழுநூறு கிராமில் ஒரு பெண் குழந்தை. குழந்தை கீழே பச்சிளம் குழந்தைகள் வார்டில், அக்கா மாடியில்.

அக்கா பாலைப் பிழிந்து பாட்டிலில் தருவாள். கீழே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

நான்காம் நாள் குழந்தையின் மூளையில் ரத்தக்கசிவு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாவிடம், அத்தானிடம், என்னிடம்.

"குழந்தையோட அம்மாக்கு இப்ப சொல்லாதீங்க. பிபி ஏறும்."

மூன்று தலையும் ஆடின.

அடுத்து ஒரு ஃபாரம். எங்கள் விருப்பத்தில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகிறோமாம். வீட்டில் செத்தால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் இல்லை. அத்தான் கையெழுத்துப் போட்டார்.

குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள். அக்காவிடம் வாங்குவதை நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வருமே... வாங்கி வந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். இரண்டு தடவை.

மூன்றாவது தடவை சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்னலே செய்த?"

"பால நிறுத்திட்டாங்கல்லா, சிஸ்டர்."

"அது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியுமா?"

நான் பாட்டிலை மூடப் போனேன்.

"மூணு ஆம்பளைய கூடிப் பேசி முடிச்சிட்டிய. வயித்தக் கிழிச்சிட்டு மேல கெடக்காள்லா, அவ என்ன வாடகைக்கு வந்தவளா?"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வீல்சேரில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார்.

"யாரக் கேட்டு கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"பிள்ளையோட அம்மாவக் கேட்டு, சார்."

குழந்தையை மூச்சுக்குழாயோடு அக்காவின் நெஞ்சில் படுக்க வைத்தார். அந்தப் பாலில் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். அக்கா அதைக் குழந்தையின் உதட்டில் தடவினாள். வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் நெஞ்சிலேயே குழந்தை இறந்தது.

மறுநாள் சிஸ்டருக்கு மெமோ. விதிமீறல். அந்த மாதத்தோடு வேலை போனது. அப்புறம் ஒரு சின்ன கிளினிக்கில், பாதிச் சம்பளத்துக்கு...

ஒரு தடவை பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எங்களால்தானே என்று சாரி சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்குலே சாரி? சொல்ல வேண்டிய ஆளுட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இன்று வரைக்கும்.

காலையில் செய்தி வந்ததும் முதல் போன் அக்காவுக்குத்தான் போட்டேன்.

"இதயாவது எங்கிட்ட ஒடனே சொன்னியேலே" என்றாள்.

நாளைக்கு வேம்பாருக்கு வருகிறோம், சிஸ்டர். அக்காவும் நானும்.