பூஜைக்கு வராத வண்டி

எங்கள் கார் கம்பெனி விழப்போகிறது என்று எனக்கு முதலில் உணர்த்தியவர் கோயில் அர்ச்சகர்தான். நியூஜெர்சியில் நம்மவர்கள் புது வண்டி வாங்கினால் நேரே கோயில் பார்க்கிங் லாட்டுக்குத்தான் ஓட்டி வருவார்கள். முகப்பில் சந்தனம், குங்குமம். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். நான் வேலை பார்த்த அமெரிக்கக் கம்பெனியின் மின்சாரக் கார் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை வரிசையில் பாதி எங்கள் வண்டிதான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நிமிர்ந்து நிற்பேன்.

ஒருநாள் அர்ச்சகர் கையைத் துடைத்தபடி கேட்டார்.

"என்ன சார், உங்க வண்டி ஒண்ணுகூட பூஜைக்கு வரலையே? மூணு மாசமாச்சு."

"வின்டர்ல எல்லாமே டல்தான் சாமி" என்று மழுப்பினேன்.

எனக்கு கிரீன் கார்டு மனுவை அந்தக் கம்பெனிதான் போட வேண்டும். கம்பெனி என்னை அனுப்பிவிட்டால் விசா விதிப்படி அறுபது நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பார்சிப்பனியில் இருந்த எங்கள் ஆபீஸில் வாரத்துக்கு ஒரு வரிசை நாற்காலி காலியாகிக்கொண்டிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

டெக்சாஸ் பிளானோவில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மேனேஜரிடம் சொன்னேன். அவரும் என்னைப்போல் மதுரைக்காரர், என்னை இங்கே சேர்த்துவிட்டவர்.

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாதுய்யா. அடுத்த மாசம் உன் பேப்பரை ஃபைல் பண்றோம். பிளானோ கிளானோன்னு கிளம்பிராத."

"ஊர்க்காரர்னா என்ன, சாமியா?" என்றாள் மனைவி. நான் கேட்டால்தானே! பிளானோ வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டேன். மடையன்.

அடுத்த மாதமும் போனது, பேப்பர் நகரவில்லை. அந்த ஞாயிறு கோயில் வரிசையில் மூன்றாவதாக ஒரு ஜப்பானியக் கார். பக்கத்தில் பட்டு வேட்டியில் எங்கள் மேனேஜர். என்னைக் கண்டதும் சாவியை இடுப்பில் செருகினார்.

"வைஃபுக்குய்யா" என்றார்.

"என் பேப்பர் சார்?"

"மண்டே பேசலாம்."

அவரே ஏறி வண்டியை நகர்த்தினார். நாலு பழமும் பட் பட்டென்று நசுங்கின.

திங்கட்கிழமை ஆபீஸ் கதவு என் அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. காரிலேயே உட்கார்ந்து பிளானோவுக்கு ஃபோன் போட்டேன். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாயிற்றாம்.