எச்சரிக்கைக்கு எந்த உரிமம்?

தென்காசிப் பள்ளியொன்றில் புவியியல் நடத்தும் உமா மகேஸ்வரிக்கு மலைமேல் மேகம் கறுத்தாலே பயம்தான். சில வருடங்களுக்கு முன் குற்றாலத்து ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் நிறம் மாறுவதைக் கண்டு, மகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் நின்ற இடத்தை வெள்ளம் மூடிவிட்டது. அதன்பிறகு அருவியில் வரும் திடீர் வெள்ளத்தைப் பற்றி எச்சரிக்க ஓர் இணையதளம் ஆரம்பித்தாள். தண்ணீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் வந்தால் என்ன அர்த்தம், இரைச்சல் எப்படி மாறும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் எளிய தமிழில் எழுதியிருந்தாள். அடியில், 'அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது' என்று ஒரு வரி. எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டது.

சாரல் சீசன் தொடங்கியதும், செங்கோட்டையில் நர்ஸாக இருக்கும், மலையாளம் தெரிந்த தோழி முஹ்ஸினா போன் செய்தாள். கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்காக தளத்தில் இருப்பதை மலையாளத்தில் எழுதிச் சுற்றுலா வேன்காரர்களிடம் கொடுக்கலாமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் உமா.

யாரும் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் திறந்த உரிமங்களைப் பற்றி வாசிக்க வாசிக்கப் பயம்தான் கூடியது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டால் லாட்ஜ்காரர்கள் அறையில் ஒட்டத் தயங்குவார்கள். மாற்றக் கூடாது என்று போட்டால் மொழிபெயர்க்கவும் முடியாது, அதுவும் மாற்றம்தான். மாற்றலாம் என்று விட்டாலோ, யாராவது ஒரு வரியை விட்டுவிட்டால்? அதை நம்பி ஒரு பிள்ளை தண்ணீரில் நின்றால்? போதாததற்கு, ஒருமுறை கொடுத்த உரிமத்தை எடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்கவும் முடியாதாம்.

"முஹ்ஸினாவுக்கு மட்டும் சரின்னு சொல்லிரு. ஊருக்கெல்லாம் எதுக்குத் தெறந்து விடுத?" என்றான் கணவன் கோமதிசங்கர். சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்த ஒரு சம்மதத்தைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் திடீரென்று தண்ணீர் ஏறியது. உயிருக்கு ஒன்றுமில்லை, கேரளத்தின் கொல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்தது. முஹ்ஸினாவின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

"தண்ணி சாயா நெறத்துல வந்துச்சாம், அக்கா. அது என்னன்னு தெரியாம வேடிக்க பாத்துக்கிட்டு நின்னுருக்காவ" என்றாள் முஹ்ஸினா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் உமாவை இன்னும் சுட்டது.

அன்றே உரிமத்தை மாற்றினாள். யாரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் பெயரைப் போட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். தளத்திலிருந்த அருவிப் படங்களை எடுத்த ஸ்டூடியோக்காரர் சாம், அவற்றை அப்படித் திறந்துவிட விரும்பவில்லை. அவற்றை நீக்கிவிட்டுத் தானே கோட்டுப்படம் வரைந்து போட்டாள். எல்லாவற்றையும் இன்னொரு முறை வாசித்துவிட்டுச் சேமிக்கிற பொத்தானை அழுத்தினாள்.

மலையாளத் தாள் வேன்களில் தொங்க ஆரம்பித்தது. கூடவே அவள் பயந்ததும் நடந்தது. குற்றாலத்தில் அய்யாத்துரை அண்ணாச்சியின் லாட்ஜில் ஒட்டியிருந்த தமிழ்த் தாளில், 'போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டாம்' என்ற வரி இல்லை. அடியில் இவள் பெயர் இருந்தது. நேரே அண்ணாச்சியிடம் போய் நின்றாள்.

"எடம் பத்தலம்மா. ஒரு வரிதானேன்னு எடுத்துட்டேன்."

"அண்ணாச்சி, ஆளு தப்பிக்கதே அந்த வரியிலதான். மாத்துததுக்கு ஒங்களுக்கு உரிமை இருக்கு, மாத்துனதா போட்டா போதும். ஆனா அத மட்டும் எடுத்துராதிய."

அவர் தாளை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு தாளில் போட்டிருந்த தன் லாட்ஜ் விளம்பரத்தை நீக்கிவிட்டு அந்த வரியைச் சேர்த்து அடிக்கச் சொன்னார். உமாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் தன் கண்ணில் படாத தாள்கள் எத்தனையோ என்ற நினைப்பும் அதோடு வந்தது.

போன வாரம் பெங்களூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கன்னடத்தில் எழுதி அனுப்பினார். ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. அவரையே போனில் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்டாள். எல்லா வரியும் இருந்தது. தனக்குத் தெரிந்த சுற்றுலாக் குழுக்களுக்கும் அனுப்பலாமா என்று கேட்டார் அவர்.

"அனுப்புங்க" என்றாள். போனை வைத்ததும் கன்னடத் தாளைத் தளத்தில் தமிழுக்குப் பக்கத்தில் ஏற்றினாள்.